லைட்டு போட்டுக்கட்டுமா?

அந்த வீட்டு ஹாலில், பின்னறை வாசலை ஒட்டி ஒரு சுவிட்ச் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் அதை ஃபேன் சுவிட்ச் என்று நினைத்துத் தட்டுவார்கள். ஃபேன் அசையாது. பதிலுக்குப் பின்னறைக்குள்ளிருந்து ஒரு குரல் பாய்ந்து வரும்.

"யாரு அது? பல்லு போச்சு!"

போனது தட்டியவரின் பல் இல்லை. உள்ளே அவள் ராவிக்கொண்டிருந்த பல். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சுக்குத் தக்கபடி மெழுகில் பல்லை நிறுத்தி, ஈறு வைத்து, ராவி, மெருகேற்றி, பொக்கை வாய்க்காரரைச் சிரிக்க வைப்பது அவள் தொழில். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. தெருவில் அவளுக்குப் பெயரே பல்லக்கா. நாற்பத்தாறு வயதாகியும் பல்லக்கில் ஏறவில்லை, பல்லக்கா ஆனதோடு சரி என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அதையே வேறு யாராவது சொன்னால் சிரிக்க மாட்டாள்.

ராவும் மோட்டாருக்கும் மேஜை விளக்குக்கும் சேர்த்து அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட், முழங்கால் உயரத்தில். அதன் சுவிட்ச்தான் வெளியே ஹாலில் இருந்தது. கூரையில் விளக்கு கிடையாது. விளக்கு இருந்த அடையாளமும் கிடையாது.

இப்படி ஒரு கோணல் வேலையைச் செய்து வைத்த புண்ணியவான் அவளுடைய அண்ணன். ஒரு காலத்தில் அது டிவி அறை. அண்ணனின் பிள்ளைகள் இரண்டு பேரும் பரீட்சை நாளில்கூட டிவி முன்னால் பழியாய்க் கிடந்தார்கள். மில் ஸ்டோரில் சூப்பர்வைசராக இருந்த அண்ணன் கத்திப் பார்த்தார், ரிமோட்டை ஒளித்துப் பார்த்தார். கடைசியில் ஆளைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயிண்டின் குடுமியைத் தன் நாற்காலிக்குக் கை எட்டும் தூரத்தில் கொண்டு வந்து வைத்துக்கொண்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு தட்டு தட்டினால் போதும், உள்ளே படம் செத்துவிடும். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கு வெளியூர் போனார்கள். டிவி ஹால் சுவரில் ஏறிக்கொண்டது. அந்த சுவிட்ச் மட்டும் தன் அதிகாரத்தை விடவில்லை.

அப்பா கட்டிய வீடு அது. அவர் படுத்த படுக்கையாகக் கிடந்த ஆறு வருடமும் மாடியில் அவரோடு இருந்தவள் அவள்தான். அப்பா போனதும் மாடியை வாடகைக்கு விட்டார்கள். அவள் பெட்டி படுக்கையோடும் மெழுகுச் சட்டியோடும் பின்னறைக்கு இறங்கினாள். "இப்போதைக்கு இங்க இரு" என்றார் அண்ணன். அந்த 'இப்போதைக்கு' மூன்று வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

மேஜை விளக்கில் பல் வேலை பார்ப்பது என்ன லட்சணம் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். விளக்கை வலப்பக்கம் வைத்தால் வலக்கையின் நிழல் பல்மேல் விழும். இடப்பக்கம் வைத்தால் இடக்கையின் நிழல் விழும். நடுவில் வைத்தால் கண் கூசும். போதாக்குறைக்கு அது மஞ்சள் விளக்கு; வெள்ளை பல்பு மாட்டிப் பார்த்தால் கண் இன்னும் கூசியது. பல்லின் நிறத்தை வெள்ளை என்று சொல்லிவிட்டுப் போவது நமக்கு எளிது. அவள் கையிலிருக்கும் மாதிரிச் சட்டத்தில் பதினாறு வெள்ளை உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மயிரிழைதான் வித்தியாசம்.

போன வாரம் அந்த மயிரிழை அவள் கழுத்தைச் சுற்றியது. ஒரு டீச்சரம்மாவுக்கு முன்பல் இரண்டு செய்திருந்தாள். மஞ்சள் விளக்கில் எல்லாம் மஞ்சளாகத் தெரிய, ஒரு படி வெளுப்பாக எடுத்துவிட்டாள். வாயில் வைத்துப் பார்த்தால் அந்த இரண்டும் பக்கத்துப் பல்லோடு ஒட்டாமல், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மாதிரி தனியாக நின்றன. கிளினிக் டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்டு ஃபோனும் செய்தாள்.

"அக்கா, உங்க கையில தப்பில்ல. கண்ணுலயும் தப்பில்ல. உங்க லைட்டுலதான் தப்பு. அடுத்து ஆறு பல்லு வேலை ஒண்ணு தர்றேன். அதுவும் இப்படி வந்துச்சுன்னா நான் வேற லேப்தான் பாக்கணும். வருத்தப்படாதீங்க."

வருத்தப்படாதே என்று சொல்லிவிட்டால் வருத்தம் வராதா என்ன? அவளுக்கு வரும் வேலையில் முக்கால்வாசி அந்த கிளினிக்கிலிருந்துதான் வந்தது. அது போனால் அவள் வெறும் தங்கச்சி. பின்னறையில் ஒண்டிக்கொண்டு, யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் தங்கச்சி. அதை நினைத்தாலே அவளுக்கு ஈறெல்லாம் வலித்தது.

கூரையில் விளக்கு வேண்டும் என்று அவள் கேட்காமல் இல்லை. மூன்று வருடத்தில் நாலு தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் படித்த பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி, "அண்ணா, என் ரூம்ல சீலிங்குக்கு ஒரு பாயிண்ட் எடுத்து ட்யூப் மாட்டணும்" என்று தெளிவாகத்தான் கேட்டாள்.

"கான்கிரீட்ல ஓட்டை போட்டா மழைத் தண்ணி இறங்கும்மா."

"மேலதான் மாடி இருக்கேண்ணா. மழை எப்படி இறங்கும்?"

"அப்ப மாடிக்காரன் குளிக்கிற தண்ணி இறங்கும். இப்போதைக்கு டேபிள் லேம்ப் போதாதா?"

அண்ணனின் பயம் தண்ணீரைப் பற்றியது இல்லை என்று அவளுக்குத் தெரியும். பிளக்கில் சொருகிய விளக்கைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடலாம். கூரையில் மாட்டிய விளக்கு அப்படி இல்லை. அது மாட்டினால் மாட்டினதுதான். அதற்குக் கீழே உட்கார்ந்திருப்பவளும் உட்கார்ந்ததுதான். மூத்த மகனுக்குக் கல்யாணமானால் அந்த அறை ஆகும் என்று அண்ணி இரண்டு பேரிடம் சொன்னதும் அவள் காதுக்கு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனைப் பார்க்க அவருடைய பழைய மேனேஜர் வந்தார். பழைய மேனேஜர் வந்தால் அண்ணனுக்கு வயது இருபது குறையும், குரல் இரண்டு கட்டை ஏறும். காப்பித் தட்டோடு அவள் ஹாலுக்கு வந்தபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் தங்கச்சிய நான் தங்கச்சி மாதிரியா சார் வச்சிருக்கேன்? பெத்த பொண்ணு மாதிரி வச்சிருக்கேன். அவ எது கேட்டும் நான் இல்லன்னு சொன்னதில்ல."

பொய்யைச் சொல்லும்போது அவர் அவளையே பார்த்தார். அவளுக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. கேட்டுவிடுவோம், இப்போது எப்படி இல்லை என்பார் பார்ப்போம் என்று நினைத்தாள். ஆனால் வெளியாள் முன்னால் சீலிங், பாயிண்ட், ட்யூப் என்று அடுக்கி வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ ஓடிப்போயிற்று. வாயில் வந்தது இவ்வளவுதான்.

"அண்ணா, என் ரூம்ல லைட்டு போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கம்மா!" அண்ணன் கையை வீசிச் சிரித்தார். "இதையெல்லாமா கேப்பாங்க? நல்லா பளிச்சுன்னு போட்டுக்க. பாருங்க சார், இந்த வயசுலயும் என்னைக் கேக்காம ஒரு துரும்பைக் கூட எடுக்க மாட்டா."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். மனுஷனை நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று ஒரு கணம் கண்ணில் நீர்கூட வந்தது.

செவ்வாய்க்கிழமை எலக்ட்ரீசியன் வந்தார். அவளைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஒயரின் மேல்தோலை எப்போதும் முன்பல்லால் கடித்தே உரிப்பார். அப்படிக் கடித்துக் கடித்து ஒருநாள் பல் பாதியாக முறிந்தது. அதற்குப் புதுப்பல் செய்து கொடுத்தவள் பல்லக்கா. அன்றிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவள் நலம் விசாரிப்பது அவரை இல்லை, பல்லைத்தான்.

"தம்பி, வாயைத் தொற."

"நல்லாத்தான் இருக்குக்கா. இப்பல்லாம் கட்டிங் பிளேயர்தான்."

"என் பல்லால ஒயரைச் சீவினதா தெரிஞ்சுது, அதையே பிடுங்கிடுவேன்."

அண்ணன் பாங்குக்குப் போயிருந்தார். சமையலறை வாசலில் நின்று அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர்கிட்ட கேட்டியா?" என்றாள்.

"உங்க காதுல விழற மாதிரிதானே அண்ணி சொன்னாரு. நல்லா பளிச்சுன்னு போட்டுக்கன்னு."

"சொன்னாரு..." என்று இழுத்தாள் அண்ணி.

எலக்ட்ரீசியன் பிளக் பாயிண்டின் மூடியைக் கழற்றினார். உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று ஒயர். அவற்றுக்குப் பின்னால் நாலாவதாக இன்னொரு சிவப்பு, நுனியில் டேப் சுற்றி மடக்கி வைத்திருந்தது. ஹால் சுவிட்சை அணைத்துவிட்டு, டேப்பைப் பிரித்து டெஸ்டரை வைத்தார். மற்ற ஒயர்கள் பேசாமல் இருந்தன. மடக்கி வைத்தது மட்டும் டெஸ்டரில் எரிந்தது.

"பாருங்கக்கா கூத்தை. இது எப்பவும் உசுரோட இருக்கிற ஒயர். மொதல்ல பிளக்குக்கு இதுதான் வந்திருக்கு. உங்க அண்ணன் இதைக் கழட்டி வாயைக் கட்டி உள்ள தள்ளிட்டு, சுவிட்ச் ஒயரைக் கொடுத்திருக்காரு."

"அதாவது கரண்டு எப்பவுமே இங்க இருந்திருக்கு."

"இருந்திருக்கு. குடுக்கலை."

மூன்று வருடம் அந்த ஒயருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து இருட்டில் தடவிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

வேலை எளிது என்றார் எலக்ட்ரீசியன். உயிருள்ள ஒயரைப் பிளக்குக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவது. சுவிட்சிலிருந்து வரும் ஒயரைப் பிளக்கிலிருந்து விடுவித்து, புது ஒயரோடு சேர்த்துச் சுவரோரமாக பிளாஸ்டிக் பட்டைக்குள் கூரைக்கு ஏற்றுவது. இனிமேல் ஹால் சுவிட்ச் கூரை விளக்குக்கு மட்டும்தான். பிளக்கை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

"அந்த சுவிட்சையே உள்ள கொண்டுவர முடியாதா?"

"சுவரை வெட்டணும்கா. அது தனி வேலை. இன்னைக்கு ஆகாது."

ஹால் சுவிட்சைத் திரும்பப் போட்டுக்கொண்டு கூரையில் இரண்டு ஓட்டை போட்டார். டிரில்லின் சத்தத்தில் வீடே பல் கூசியது. வெள்ளைத் தூள் ஹால்வரை பறந்து அண்ணனின் நாற்காலிமேல் மெத்தென்று படிந்தது. ட்யூபின் தட்டை முடுக்கிய பிறகு, மாடிப்படிக்கு அடியில் இருந்த மெயினை இறக்கப் போனார். அந்தக் காலத்து இரும்புக் கைப்பிடி. ஏற்றினாலும் இறக்கினாலும் டணார் என்று நாலு வீட்டுக்குக் கேட்கும். டணார் என்றது. திரும்பி வந்தபோது அவருடைய சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கூடாக இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

பிளக் வேலை முடிந்து மூடியும் ஏறிவிட்டது. கூரையில் இரண்டு ஒயரை ட்யூபோடு சேர்ப்பதுதான் பாக்கி. அந்த நேரத்தில் அண்ணன் உள்ளே வந்தார். ஃபேன் சுவிட்சைப் போட்டார், சுற்றவில்லை. கரண்ட் போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து, பின்பக்கம் வெள்ளையாக எழுந்தார். அப்புறம்தான் பின்னறையில் ஏணியையும் அதன்மேல் ஓர் ஆளையும் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"லைட்டுண்ணா," என்றாள் அவள். முகத்தில் இன்னும் சந்தோஷம் இருந்தது. "நீங்கதானே போட்டுக்கச் சொன்னீங்க."

"நான் போடச் சொன்னது உன் டேபிள் லேம்ப்பை! சுவிட்சைப் போடச் சொன்னேன்! சீலிங்கைக் குடையச் சொன்னேனா?"

நம் பேச்சில் இந்தப் 'போடு' என்ற சொல்லை மட்டும் யாரும் நம்பக் கூடாது. சோறு போடுவதும் போடுதான், சண்டை போடுவதும் போடுதான். எரிகிற விளக்கைத் தட்டிவிடுவதும் லைட்டுப் போடுவதுதான், இல்லாத இடத்தில் விளக்கைக் கொண்டுவருவதும் லைட்டுப் போடுவதுதான். அவள் ஒன்றைக் கேட்டிருக்கிறாள், அவர் இன்னொன்றைக் கொடுத்திருக்கிறார்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஏணியில் நின்ற ஆளுக்கு முன்னால், அண்ணிக்கு முன்னால் மானம் போகிறதே என்று காது சூடாயிற்று. தெரியாம நடந்துடுச்சுண்ணா, மன்னிச்சுக்கங்க என்ற சொல் தொண்டை தாண்டிப் பல்வரை வந்துவிட்டது. அங்கே நின்றது.

அவர் சொன்னதை அவள் இன்னொரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். டேபிள் லேம்ப்பைப் போடச் சொன்னேன்.

"அண்ணா, ஒரு நிமிஷம்," என்றாள். குரல் நடுங்கவில்லை, அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "என் டேபிள் லேம்ப்ப நான் தட்டிப் போடறதுக்கு உங்ககிட்ட வந்து பெர்மிஷன் கேப்பேன்னு நினைச்சீங்களா?"

"கேட்டியே!"

"நான் கேட்டது வேற. நீங்க என்ன நினைச்சீங்கன்னு கேக்குறேன். நாப்பத்தாறு வயசு. ஊருக்கே பல்லு கட்டுறேன். என் ரூம்ல, என் மேஜையில, ஒரு லேம்ப்ப எரிய விடறதுக்கு உங்க உத்தரவு கேட்டு நிப்பேன்னு நினைச்சிருக்கீங்க. அது உங்களுக்குக் கொஞ்சம் கூட அதிசயமாப் படல. உங்க மேனேஜர்கிட்ட பெருமை வேற பேசினீங்க."

அண்ணன் ஏணியிலிருந்த ஆள்மேல் பாய்ந்தார். "யோவ், வேலைய நிறுத்து. கீழ எறங்கு."

எலக்ட்ரீசியன் இரண்டு பேரையும் பார்த்தார். குடும்பச் சண்டையில் மத்தளம் ஆக எந்தத் தொழிலாளிக்கு ஆசை? ஸ்குரூ டிரைவரும் கையுமாக இறங்கினார். "நிறுத்திட்டேன் சார்."

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். அவர் கையிலிருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஏணி ஆடியது. உடனே எலக்ட்ரீசியன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தச் சொன்னேன்ல!"

"நிறுத்திட்டேன் சார். ஏணி விழுந்தா உங்க டைல்ஸ்தான் உடையும். அதான் புடிச்சிருக்கேன்."

"சிவப்பு எதுல போகணும் தம்பி?" என்று மேலிருந்து கேட்டாள்.

"இங்கிலீஷ்ல 'எல்'லுன்னு போட்டிருக்குல்ல, அதுலக்கா. கறுப்பு எதிர்ப்பக்கம்." பிறகு அண்ணனைப் பார்த்து, "வாயால சொல்றதுதான் சார், கை வைக்கல" என்றார்.

பல்லில் மயிரிழை பார்க்கிற கை. இரண்டு ஒயர் அதற்கு ஒரு பொருட்டா? சிவப்பு நுனியைத் துளைக்குள் விட்டு முடுக்கத் தொடங்கினாள். அண்ணனின் முகம் செங்கல்லாயிற்று.

"எறங்கு. இல்லன்னா மெயினைப் போட்டுடுவேன்."

அவர் சொன்னதன் அர்த்தம் அவருக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் எட்டியது போலிருந்தது. ஆனால் வாயைவிட்டுப் போனது போனதுதான். அண்ணி சமையலறையிலிருந்து "ஐயோ, என்னங்க பேச்சு இது" என்றாள்.

அவள் ஏணியிலிருந்து கீழே பார்த்தாள். அண்ணனின் வழுக்கை தெரிந்தது. அதன் நடுவில் டிரில் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. வலக்கையில் கறுப்பு ஒயரின் செம்பு, விரலுக்கு நடுவில். இடக்கை, பாதி முடுக்கிய சிவப்பின்மேல். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இறங்குவதைவிட இது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. இன்றைக்கு இறங்கினால் இனி என்றைக்கும் ஏற மாட்டாள்.

"போடுங்க," என்றாள். "போடுறதுன்னா என்ன அர்த்தம்னு இப்பவாவது தெளிவா தெரிஞ்சுக்குவோம்."

அண்ணன் விறுவிறுவென்று போனார். மாடிப்படி அடியில் அவர் செருப்பு நின்ற சத்தம் கேட்டது. அவள் கண்ணை மூடவில்லை. சிவப்பு ஸ்குரூவைக் கடைசிச் சுற்றுவரை முடுக்கினாள். அடுத்து கறுப்பை அதன் துளைக்குள் விட்டாள். டணார் சத்தத்துக்காக உடம்பு முழுக்கக் காதாகக் காத்திருந்தது. கறுப்பையும் முடுக்கினாள். சத்தம் வரவில்லை. ட்யூபை அதன் தட்டில் அழுத்தினாள், டக்கென்று உட்கார்ந்தது. அப்போதும் சத்தம் வரவில்லை.

அவள் இறங்கி வந்தபோது அண்ணன் திரும்பி வந்திருந்தார். யாரையும் பார்க்காமல் நாற்காலித் தூளைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதாக்கா? அப்ப இதைச் சொருகிடட்டுமா?" எலக்ட்ரீசியன் சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பீங்கான் கட்டை ஒன்றை எடுத்தார். மெயினின் ஃப்யூஸ் கட்டை.

அவள் அதையும் அவர் முகத்தையும் பார்த்தாள். "இது உன் பைலயா இருந்துச்சு?"

"கட்டை என் பைல இருந்தாத்தான்கா என் கை ஒயர்ல இருக்கும். பதினெட்டு வருஷப் பழக்கம். அவரு மெயினைப் போட்டிருந்தாலும் பல்லு பிடுங்கின பாம்புதான்."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? உசுரு போய் வந்துச்சு!"

"சொல்லியிருந்தா உங்க குரல்ல அந்த கெத்து வந்திருக்காது."

அவள் அவரை அடிக்கக் கை ஓங்கி, சிரித்துவிட்டாள். ஆனால் ஒன்று அவள் மனதில் நின்றது. கட்டை இல்லை என்பது அண்ணனுக்கும் தெரியாது. கைப்பிடிக்கு முன்னால் போய் நின்றவர் கையை வைத்தாரோ இல்லையோ, போடவில்லை. அன்றைக்கே அவள் சாமான் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போகாததற்கு அது ஒரு காரணம். அவ்வளவுதான். அதற்காக ட்யூபைக் கழற்றித் தர முடியாது.

டணார் என்றது மெயின். ஹால் சுவிட்ச் டிரில்லுக்காகப் போட்டபடியேதான் இருந்தது. பின்னறை முழுக்க வெள்ளை வெளிச்சம் பரவியது. மூலைகள் தெரிந்தன, மேஜையின் கறைகள் தெரிந்தன, சட்டத்தில் பதினாறு வெள்ளையும் பதினாறாகவே தெரிந்தன. அவள் கையை நீட்டிப் பார்த்தாள். நிழல் ஒழுங்கு மரியாதையாக நேர் கீழே விழுந்து, மேஜையோடு ஒட்டிக்கொண்டது.

எலக்ட்ரீசியன் சாமான்களை எடுத்துக்கொண்டு போகும்போது சமையலறை வாசலில் அண்ணி அவரை நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள், ஆனாலும் கேட்டது. "அடுப்புக்கு நேர் மேல ஒண்ணு போடணும்னா எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கும் என் நிழல்தான் சட்டிக்குள்ள விழுது."

"அரை நாள்மா. சார்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க."

"கேக்கணுமா?" என்றாள் அண்ணி, யோசனையோடு.

சாயங்காலம் ஆறரைக்கு அவள் அந்த ஆறு பல் வேலையில் உட்கார்ந்தாள். நாலு பல் நிறம் சேர்ந்துவிட்டது. ஐந்தாவதின் ஓரத்தை மோட்டாரில் ராவிக்கொண்டிருந்தபோது ஹாலில் டக் என்றது.

கூரை விளக்கு அணைந்தது.

மோட்டார் நிற்கவில்லை. பழைய பழக்கத்தில் பல்லு போச்சு என்று கத்த வாயெடுத்தவள், கையில் மோட்டார் உறுமிக்கொண்டே இருப்பதை உணர்ந்து வாயை மூடினாள். இடக்கையை நீட்டி மேஜை விளக்கை அழுத்தினாள். அது எரிந்தது. நிழல் விழுந்தாலும் ஓரம் ராவ அது போதும்.

டக். டக். டக். வெளியே சுவிட்ச் மேலும் கீழும் போய்வந்தது. கூரை விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. மோட்டாரின் சத்தம் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு காலமும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறைக்குள் எதையும் நிறுத்திய கை, இப்போது எது நிற்கிறது எது நிற்கவில்லை என்று புரியாமல் திண்டாடுவது அவளுக்குச் சுவர் வழியாகவே தெரிந்தது. கடைசியாக ஒரு டக். அறை இருண்டபடியே நின்றது. மேஜை விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தது.

ஐந்தாவது பல்லை முடித்து வைத்தாள். ஆறாவதுக்கு நிறம் பார்க்க வேண்டும். அதற்குக் கூரை விளக்கு வேண்டும். எழுந்து போய்த் தானே தட்டியிருக்கலாம். நாலு எட்டுதான். அவள் எழவில்லை.

"அண்ணா," என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "லைட்ட போடுங்க."

ஹாலில் யாரோ டிவியைக் குறைத்தார்கள். நாற்காலி கிறீச்சிட்டது. அவள் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஆறாவது பல்லை இரண்டு விரலில் பிடித்து, வெளிச்சம் வரப்போகும் இடத்தில் நீட்டிக் காத்திருந்தாள்.

டக் என்றது. கூரை வெளுத்தது.

"அப்படியே இருக்கட்டும், அணைக்காதீங்க," என்றாள், பல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.